மூக்குக்கு இடம் விட்ட டம்ளர்

அத்தை,

இன்றைக்கு உங்கள் வருஷ திதி. விடிந்ததிலிருந்து வீடு ஒரே அமளி. நான் படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் பித்தளைச் செம்பைத் தேடி அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டார். கையில் வந்தது அந்தப் பச்சை பிளாஸ்டிக் டம்ளர். விளிம்பில் ஒரு பக்கம் பிறை மாதிரி வெட்டின டம்ளர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது எங்கம்மாவுக்குத் தனியா வெச்சதுதானே? இன்னுமா இது வீட்ல இருக்குது?”

அந்தத் ‘தனியா’வை எப்படிச் சொன்னார் தெரியுமா? சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. “இருக்கட்டும் அண்ணி” என்று சொல்லி டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வருஷமாகியும் இஞ்சி டீ வாசனை போகவில்லை. இல்லை, அது எப்போதோ போயிருக்கும், எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ. வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் வந்து, கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பில் கட்டின் பின்பக்கத்தில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சந்தேகப் பிராணி. அது உங்களுக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் இத்தனை வருஷம் நின்றவள், தேதி பார்க்காமல் பிஸ்கட்கூடத் தின்னமாட்டேன். ஆனால் நீங்கள் எனக்கும் மேலே. உப்பு வாரக் கிளம்பும்போது அரிசி டப்பாவைத் திறந்து, அரிசி மேல் விரலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவீர்கள். மதியம் வந்ததும் முதல் வேலையாகக் கோடு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். நான் அரிசி எடுத்துவிட்டு அதே மாதிரி கோடு போட்டு மூடிவிடுவேன். உங்களுக்கு அது தெரியாது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாதது இந்த மரக்காணத்தில் என்ன இருந்தது?

கல்யாணமான மறுநாள் நடந்ததை நான் மறக்கவில்லை. வெயிலில் வந்தவள், தாகத்தில் செம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டேன். நீங்கள் செம்பை வாங்கிக்கொண்டு போய், புளியைப் போட்டு, என் கண்ணெதிரே தேய் தேய் என்று தேய்த்தீர்கள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். அப்புறம்தான் தெரிந்தது, உப்பளத்திலும் நீங்கள் அப்படித்தான் என்று. அத்தனை பொம்பளைகளுக்கும் ஒரே தண்ணீர் கேன். யாரும் வாய் வைக்கக்கூடாது. கழுத்தை நன்றாக அண்ணாந்து, ஒரு சொட்டு மாரில் சிந்தாமல், கடகடவென்று இறக்குவீர்கள். எவளாவது தவறி வாய் வைத்துவிட்டால் போச்சு. “இனிமே கேன் உனக்குத்தான்டி, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ” என்பீர்களாம். எச்சில் என்றால் உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

பிறகு உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆயுசு பூராவும் சவுக்குச் சுள்ளியை எரித்து ஊதி ஊதிச் சமைத்த நெஞ்சு. நுரையீரல் வருஷக்கணக்காகக் கெட்டுப்போயிருக்கிறது, இனி பழையபடி ஆகாது, இன்னும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்ஹேலர் கொடுத்தார்கள். அதையே நீங்கள் நம்பவில்லை. “வெறும் காத்தை டப்பால அடைச்சுக் குடுத்திருக்கான்” என்றீர்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பிட உட்கார்ந்தாலே புரையேற ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். கண்ணில் நீர் முட்டி, முகம் கறுத்து, கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருமுவீர்கள். நாங்கள் என்ன செய்தோம்? தலையில் தட்டி, “யாரோ உங்களை நெனைக்கிறாங்க” என்றோம். மூன்று மாதம் யாரோ உங்களை நினைத்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வேளை, இத்தனை சரியாகச் சோற்று நேரம் பார்த்து நினைக்கிற அந்தப் புண்ணியவதி யார் என்று ஒருநாளாவது யோசித்தோமா? எனக்கு வேறு சந்தேகம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். என் குழம்பை நாலு பேர் எதிரில் குறை சொல்ல நீங்கள் கண்டுபிடித்த வழி இந்த இருமல் என்று நினைத்தேன். நீங்கள் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது நான் காரம் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டி இரண்டாவது முறையாகக் காய்ச்சல் வந்தபோதுதான் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சின்ன டப்பாவில் சளி எடுத்துக் கொடுத்தோம். படம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். விழுங்குவதற்கும் மூச்சுக்கும் பயிற்சி கொடுக்கிறவள். அவள் முதல் வார்த்தையே உங்களுக்குப் பிடிக்கவில்லை.

“வாங்க ஆயா.”

“யாருக்கு யாரு ஆயா? நான் என்ன இவளைப் பெத்தவளைப் பெத்தேனா?” என்று என் காதில் சொன்னீர்கள். அவளுக்கும் கேட்டது. சிரித்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தொண்டையில சோத்துக்கும் மூச்சுக்கும் கொஞ்ச தூரம் ஒரே வழிதான். முழுங்குறப்ப மூச்சு நிக்கணும். முழுங்கி முடிச்சதும் மூச்சு வெளிய வரணும். இவங்களுக்கு மூச்சு பத்தாததால முழுங்கினதுமே உள்ள இழுக்குறாங்க. தண்ணியும் அதுகூடவே நெஞ்சுக்குப் போயிடுது. அதான் திரும்பத் திரும்பக் காய்ச்சல்.”

பிறகு விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள். உள்ளே ஸ்பிரிங், முனையில் ஒரு திருகு. மூக்கில் கிளிப் போட்டு, கன்னம் உப்பாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஓங்கி ஊதவேண்டும். மெதுவாக ஊதினால் அசையாது. அழுத்தி ஊதினால்தான் ஸ்பிரிங் வழிவிட்டுப் ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். ஐந்து ஊது, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. இப்படி ஐந்து சுற்று. ஊதும்போது வேலை செய்கிற தாடைக்கு அடித் தசைதான் விழுங்கவும் வேண்டுமாம், உள்ளே போனதை இருமித் தள்ளவும் அந்த பலம்தான் வேண்டுமாம்.

“மூச்சு வாங்குதுன்னு வந்தா, இருக்கிற மூச்சையும் ஊதித் தொலைக்கச் சொல்றா” என்றீர்கள். “இது இன்னா வைத்தியம்?”

நான் அவளையே கேட்டேன், “இதைச் செஞ்சா சரியாயிடுமா?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் வரும்னு நான் சொல்லமாட்டேன்கா. இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. செய்யட்டும். அடுத்த தடவை அளந்து பார்ப்போம்.”

தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனாலேயே அவளை நம்பினேன். நீங்கள் அதனாலேயே நம்பவில்லை. பஸ்ஸில் கோட்டக்குப்பம் தாண்டி, கீழ்புத்துப்பட்டு வரும்வரை வாயைத் திறக்காமல் வந்துவிட்டு, “அவளுக்கே தெரியலையாம்” என்றீர்கள், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி.

அண்ணாந்து குடிப்பது கூடவே கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமாம். தாடையைக் கீழே வைத்து, டம்ளரில் வாய் வைத்து, ஒரு வாய் ஒரு வாயாகக் குடிக்கவேண்டும். டம்ளர் காலியாகும்போது மூக்கு இடித்துத் தலை தானாகப் பின்னால் போகும் அல்லவா, அதற்காக எதிர்ப்பக்க விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு வெட்டிக் கொடுக்கச் சொன்னாள். உங்கள் மகன்தான் கத்திரிக்கோலால் வெட்டி, உப்புத்தாள் வைத்து விளிம்பைத் தேய்த்தார். நான் அதைக் கழுவி, உங்கள் பாய் அருகே வைத்து, “அத்தை, இனிமே இதுலதான் குடிக்கணும். வாய் வெச்சுக் குடிங்க. வேற யாரும் இதைத் தொடமாட்டோம்” என்றேன்.

சுத்தத்துக்காகச் சொன்னேன், அத்தை. எச்சில் பார்க்கிற உங்களுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் முகம் போன போக்கை அப்போது நான் கவனிக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது நம் இரண்டு பேருக்கும் நாடகம். பயிற்சி செய்த நாளுக்கு நோட்டில் டிக் போடச் சொல்லியிருந்தாள். பத்தாம் நாள் பார்த்தேன். பத்து நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். எத்தனை கள்ள மருந்துச் சீட்டு பார்த்த கண் இது! ஒரே மூச்சில் போட்டது என்று தெரியாதா? குழாயின் வாய்ப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. பச்சை டம்ளரும் காய்ந்து கிடந்தது. நானோ விடாமல், “ஊதினீங்களா?” என்று தினம் கேட்டேன். நீங்களும் சளைக்காமல், “ஊதினேன், ஊதினேன்” என்றீர்கள். இருமல் மட்டும் பொய் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்வாசலில் வராமல் தோட்டத்துப் பக்கமாக, போலீஸ்காரி மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் பித்தளைச் செம்பு. கழுத்தை அண்ணாந்து, பழைய உப்பளத்துக்காரியாக, கடகடவென்று இறக்கினீர்கள். இரண்டாவது மடக்கிலேயே புரையேறிவிட்டது. செம்பு உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். நான் ஓடிவந்து முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். உங்கள் முதுகெலும்பு என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

உங்களுக்கு மூச்சு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. “அந்த டம்ளர்ல குடிச்சா என்ன? சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கத்தினேன்.

நீங்கள் கத்தவில்லை. “எனக்கு டிபிதானே?” என்றீர்கள். “மறைக்காத. சளி எடுத்தீங்க. சீட்டை என் கண்ணுல காட்டாம கடையில கொண்டுபோய் வெச்சிருக்க. எனக்குன்னு தனி டம்ளர். அதுலயும் யாரும் மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு வெட்டி அடையாளம் வேற போட்டிருக்கீங்க. யாரும் தொடமாட்டோம்னு உன் வாயாலேயே சொன்ன. செம்பைத் தேய்ச்சதுக்குப் பழி வாங்குறியா?”

சளியில் டிபி இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், அத்தை. எனக்குத் தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியும். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. டிபி இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பேரை எடுக்கவேண்டுமே. வீட்டுக்குள் அந்த வார்த்தையே வேண்டாம், வாய் வைத்தால் வந்துவிடும் என்று இரண்டு பேரும் பயந்துகொண்டு இருந்துவிட்டோம். மாத்திரை விற்கிறவள் நான், எனக்கும் அந்தப் பயம்.

அப்புறம் சொன்னீர்கள் உங்கள் அக்காவைப் பற்றி. அவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் டிபியில் போனவர். “அவளுக்குக் கொட்டாங்குச்சியிலதான் தண்ணி. நான்தான் ஊத்துவேன், மேல இருந்து, படாம. ‘ஒரு தடவை செம்புல குடுடி’ன்னு கேட்டா. நான் குடுக்கல. கடைசி வரைக்கும் குடுக்கல.” அதைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, உருண்டு கிடந்த செம்பைப் பார்த்தீர்கள்.

வார்த்தையால் உங்களை நம்பவைக்க முடியாது. அது எனக்குத் தெரியும், நானும் அதே ஜாதி சந்தேகம். பச்சை டம்ளரை எடுத்து வந்தேன். தண்ணீர் ஊற்றினேன். உங்கள் எதிரே உட்கார்ந்து, நன்றாக வாய் வைத்து, பாதி குடித்தேன். மீதியை உங்களிடம் நீட்டினேன்.

நீங்கள் உடனே வாங்கிவிடவில்லை. அதுதான் நீங்கள். டம்ளரையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் குடிச்ச?” என்று கேட்டீர்கள்.

“வெட்டாத பக்கம். நீங்க குடிக்க வேண்டிய பக்கம்.”

“திரும்பக் குடி. நான் பார்க்கல.”

திரும்பக் குடித்தேன். அப்புறம் வாங்கினீர்கள். ஆயுசில் முதல் முறையாக இன்னொருத்தி எச்சிலில் வாய் வைத்தீர்கள். தாடையைக் கீழே வைத்து, ஒரு வாய் விழுங்கி, அந்தப் பெண் சொன்னபடி மூச்சை வெளியே விட்டீர்கள். இருமல் வரவில்லை. “தண்ணி ஒரு மாதிரி பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது” என்றீர்கள். சாயங்காலம் நான் கடைக்குப் போய் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து படித்துக் காட்டினேன். உங்களுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்றாலும் ‘இல்லை’ என்பது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னீர்கள்.

மறுநாளிலிருந்து காலையில் கடைக்குக் கிளம்பும் முன் நான் எதிரே உட்காருவேன். குழாய் உங்களுடையது மட்டும்தான், அதை யாரும் பங்கு போடக்கூடாது. நான் சும்மா கன்னத்தைப் பிடித்துவிடுவேன், எண்ணுவேன். முதல் வாரம் சத்தமே வரவில்லை. “ஓட்டை மெஷினு” என்றீர்கள். அப்புறம் ஒருநாள் ‘புஸ்’. நீங்களே பயந்துபோய்க் குழாயைக் கீழே போட்டுவிட்டீர்கள். பிறகு நாளுக்கு நாள் அந்தச் சத்தம் உறுதியானது. அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். “நல்லா ஊதுறீங்க ஆயா” என்றாள். நீங்கள் அந்த ஆயாவை மன்னித்துவிட்டீர்கள்.

அது உங்களைக் குணப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன். மூச்சு வாங்குவது அப்படியேதான் இருந்தது, போகப்போகக் கூடியது. ஆனால் முன்பு ஈனமாக இருந்த இருமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் இருமலாக மாறியது. உள்ளே போனதை வெளியே தள்ளியது. ஒருநாள் சாயங்காலம் அந்தப் பச்சை டம்ளரில் இஞ்சி டீயை ஒருமுறைகூட இருமாமல் கிட்டத்தட்ட முழுசாகக் குடித்தீர்கள். குடித்துவிட்டு அடியில் கொஞ்சம் வைத்து என்னிடம் நீட்டினீர்கள். “சக்கரை சரியா இருக்குதா பாரு” என்றீர்கள். சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அத்தை. மிச்சத்தை நான் வாய் வைத்துக் குடித்துவிட்டேன்.

கடைசி மழைக்காலத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். உங்களிடம் எதை மறைப்பது? வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கண் திறக்கவில்லை. சொந்தமெல்லாம் கூடி நிற்க, உங்கள் மகள் கிண்ணத்தில் பாலும் ஸ்பூனுமாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள், வாய் திறந்து. நான் ஸ்பூனைப் பிடித்துவிட்டேன்.

“வேணாம் அண்ணி. நெஞ்சுக்குப் போயிடும், மூச்சு அடைச்சுக்கும். துணியில நனைச்சு உதட்டுல தடவுங்க.”

“பெத்த பொண்ணு பால் ஊத்தக் கூடாதா? தனி டம்ளர் வெச்சது பத்தலையா உனக்கு?”

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஸ்பூனை விடவில்லை. அண்ணி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான்தான் துணியை நனைத்து உங்கள் உதட்டைத் துடைத்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு வருஷமாக இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, மருமகள் பால் ஊற்றவிடவில்லை என்று. ஊர் பேசட்டும். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு, அது போகமாட்டேன் என்கிறது. எப்படியும் போகிற உயிர்தானே, ஒரு ஸ்பூனை விட்டிருக்கலாமோ? மகள் கைப் பாலுக்காகத்தான் வாய் திறந்து கிடந்தீர்களோ? செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அப்படியும் அந்த ஸ்பூன் என் கையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

இங்கே நிறுத்திவிட்டு உள்ளே போய் வந்தேன். படையல் போட்டாகிவிட்டது. வடை, வாழைக்காய், நண்டுக் குழம்பு எல்லாம் இலையில். அண்ணி தேய்த்து மினுக்கின பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பி உங்கள் படத்தருகே வைத்திருந்தார். நான் பச்சை டம்ளரைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அத்தனை பேர் எதிரிலும் வாய் வைத்துப் பாதி குடித்தேன். மீதியைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“ஐயோ, என்ன பண்ற? எச்சித் தண்ணியையா அம்மாவுக்கு வைக்கிற?” என்று அண்ணி பதறினார்.

“ஆமாம் அண்ணி. அவங்க இப்படித்தான் குடிப்பாங்க” என்றேன். உங்கள் மகன் கற்பூரத்தை ஏற்றினார். அண்ணி டம்ளரை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், இன்னும் எடுக்கவில்லை. எடுத்தாலும் எடுப்பார், எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வெட்டாத பக்கம்தான் குடித்தேன், அத்தை. நீங்கள் பார்க்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பக் குடிக்கிறேன்.